மாதக் கடைசியில் மிஞ்சும் 55 வெள்ளியும் கோலாலம்பூரும்

சுங்கை சிப்புட்டிலிருந்து படிக்க வந்து, கோலாலம்பூரின் பந்தாய்ப் பகுதியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: வாடகை போக மாதம் 600 வெள்ளி (ரிங்கிட்) கையில் நிற்கிறது, இதில் வயிற்றைக் கழுவிவிடலாம் என்று தெரிகிறது, ஆனால் இந்த நகரத்தை அனுபவிக்கவும் முடியுமா? உடன் படிப்பவர்கள் வார இறுதியானால் பேரங்காடிக்கும் காப்பிக் கடைக்கும் கிளம்பிவிடுகிறார்கள், நான் படிக்க வேண்டியிருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு அறையிலேயே இருந்துவிடுகிறேன். அடுத்த மாதம் அம்மா ஒரு நாள் என்னைப் பார்க்க வருகிறார், அவரை எங்கே அழைத்துப் போவது என்றும் தெரியவில்லை. மேலோட்டமாகப் படித்தால் மலிவான இடங்கள் எவை என்று கேட்பதுபோல் இருக்கிறது. ‘பொய் சொல்லிவிட்டு’ என்ற சொல்லில் நின்று மறுபடியும் படித்தேன். கையில் பணம் குறைவாக உள்ளவருக்கு இந்த ஊரில் இடம் இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் பட்டது. இருக்கிறது. எப்படி என்பதை என்னால் இயன்றவரை விரிவாகச் சொல்கிறேன்.

கல்லூரி ஒன்றின் மாணவர் விவகாரப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். அதற்கு முன் நானும் கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெட்டியுடன் இந்த நகரத்துக்கு வந்தவன். முதல் பருவம் முழுவதையும் வகுப்புக்கும் அறைக்கும் இடையிலேயே கழித்தவன். மூத்த மாணவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வலுக்கட்டாயமாக என்னை எழுப்பி வெளியே நடத்திச் சென்றதால்தான் நகரம் எனக்குத் திறந்தது. அந்த நன்றிக்கடனாகவே மாதம் ஒருமுறை புதிய மாணவர்களை அழைத்துக்கொண்டு நானும் நடக்கிறேன். கீழே சொல்லும் வழிகள் எல்லாம் அந்த நடையில் தேறியவை. நிதி ஆலோசனை என் துறை அன்று. கல்விக் கடன் பற்றிய கேள்விகளை, அக்கடனை வழங்கும் அரசு அமைப்பான பிடிபிடிஎன் முகப்பிலேயே கேளுங்கள். விலைகளும் கடைக்குக் கடை மாறுபவை, ஆகவே நான் சொல்லும் தொகைகளைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 14 வெள்ளி என்று வைத்தால் முப்பது நாளுக்கு 420 ஆகிறது. போக்குவரத்துக்கு 50, கைப்பேசிக்கு 35, சலவை, சோப்பு, அச்செடுப்பு போன்றவற்றுக்கு 40. கூட்டினால் 545 வெள்ளி. மீதி 55. பெரும்பாலான மாணவர்கள் இந்த 55 வெள்ளியை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. அதனால் அது எங்கே போனது என்று தெரியாமலே கரைந்துவிடுகிறது. நான் சொல்வது, மாதம் பிறந்ததும் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து, ஓர் உறையில் போட்டு, அதன்மேல் ‘நகரம்’ என்று எழுதி வையுங்கள் என்பதே. தேர்வுக் கட்டணம்போல் அதையும் ஒரு செலவாகக் கருதிவிட்டால், வெளியே போவது குற்றம் என்ற எண்ணம் போய்விடும். வீட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களை நினைத்து, ஓர் ஐஸ் கச்சாங் சாப்பிடவும் மனம் உறுத்துகிற பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த உறுத்தல் நல்ல வளர்ப்பிலிருந்து வருவது. ஆனால் அதுவே மூன்று ஆண்டுகள் உங்களை அறைக்குள் பூட்டிவைத்தால் அதை உங்கள் பெற்றோர்களே விரும்ப மாட்டார்கள்.

மாணவரின் பையைக் காலி செய்வது சுற்றிப் பார்க்கும் செலவு அன்று என்பதை என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். பசியோடு வெளியே கிளம்புவதும், கடைசி ரயிலைத் தவறவிடுவதுமே காலி செய்கின்றன. புக்கிட் பிந்தாங்கிலிருந்து பந்தாய்க்கு நள்ளிரவில், அதுவும் மழை நேரத்தில், கிராப் வாடகைக் கார் எடுத்தால் உங்கள் உறையில் பாதி அன்றே போய்விடலாம். ஆகவே முதல் வேலை மைஐம்பது என்று மக்கள் சொல்லும் மாதச் சீட்டை எடுப்பது. மலேசியர்களுக்கு 50 வெள்ளி. முப்பது நாளுக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில்கள், மோனோரயில், ரேப்பிட் கேஎல் பேருந்துகள் ஆகிய அனைத்திலும் கணக்கில்லாமல் ஏறி இறங்கலாம். கேடிஎம் கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில் இதில் சேராது. பலர் இதை அறியாமல் வாயிலில் அட்டையைத் தட்டிவிட்டு விழிக்கிறார்கள். இந்தச் சீட்டின் உண்மையான பயன் வகுப்புக்குப் போய்வரும் செலவு குறைவதில் மட்டும் இல்லை. ஒருமுறை பணம் கட்டிவிட்ட பிறகு, ஒரு நிலையத்தில் சும்மா இறங்கிப் பார்ப்பதற்கு ஒரு காசும் ஆகாது. பிடிக்கவில்லையென்றால் அடுத்த வண்டியில் ஏறிவிடலாம். நகரத்தைப் பயமின்றித் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நகர மையத்துக்குள் சுற்றும் கோகேஎல் பேருந்துகளும் மலேசியர்களுக்கு இலவசம். மைகார்ட் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். ரயில்கள் ஏறத்தாழ நள்ளிரவோடு நின்றுவிடும். இரவு 11 மணிக்கு நிலையத்தில் இருப்பது என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டால் பணத்துக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது.

இனிச் சாப்பாடு. இதில் நான் சற்று அழுத்தமாகவே பேசுவேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போவதற்காக, ஒரு வாரம் மெகி மீயையே காலையும் இரவும் சாப்பிட்ட பையன் ஒருவன் விரிவுரை அரங்கில் மயங்கி விழுந்தான். அவனை மருந்தகத்துக்குக் கூட்டிப் போனவன் நான். அவன் சொன்ன காரணத்தைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. சாப்பாட்டில் மிச்சம் பிடித்து நகரத்தைப் பார்க்காதீர்கள். அந்த 14 வெள்ளியைச் சரியாகச் செலவழிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நாசி சம்பூர்க் கடையில் நடப்பதைப் பாருங்கள்: தட்டில் சோறு போட்டதும் நாமே கரண்டியை எடுத்துக்கொண்டு பத்திருபது தட்டுகளின் முன்னால் நகர்கிறோம், கடைசியில் கல்லாவில் இருப்பவர் தட்டைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு விலை சொல்கிறார். எடைக்கருவி கிடையாது, கண்தான் அளவு. ஒரு கரண்டி கீரை, ஒரு முட்டை அல்லது தௌஃபு, மேலே குழம்பு என்று எடுத்தால் ஒரு விலை. அதே தட்டில் ஒரு துண்டு மீனும் இறால் சம்பாலும் ஏறினால் ஏறத்தாழ இரு மடங்கு. காய்கறியைக் கோழித் துண்டின்மேல் குவித்து வைப்பவர்களும் உண்டு. அது வேண்டாம், கடைக்காரருக்கு எல்லாம் தெரியும். ‘அண்ணே, இந்த மீன் எவ்வளவு?’ என்று எடுப்பதற்கு முன்னே கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. உள்நாட்டு வாணிப அமைச்சு 2023ஆம் ஆண்டு தொடங்கிவைத்த மெனு ரஹ்மா என்ற 5 வெள்ளிச் சாப்பாடும் சில கடைகளில் இருக்கிறது. பலகையில் இல்லாவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். மாமாக் கடை எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவகத்தில் ரொட்டி கோசோங் (வெறும் ரொட்டி) இரண்டும் பருப்புக் குழம்பும் காலைப் பசிக்குப் போதும். உண்மையில் கையைக் கடிப்பவை பானங்களே. ஒரு நாளில் இரண்டு ஐஸ் மைலோ குடித்தால் ஒரு வேளைச் சோற்றின் விலை போய்விடும். தண்ணீர்ப் புட்டியை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

ஒரு மாதம் பணம் உண்மையாகவே முடை என்றால், பல பொதுப் பல்கலைக்கழகங்களில் உணவு வங்கி இருக்கிறது. அதன் கதவைத் தட்டுங்கள், அது உங்களுக்காகவே வைக்கப்பட்டது. செள கிட் பக்கம் ராஜா அலாங் சாலையில் உள்ள தாட் கால்சா குருத்வாராவில் வருகிறவர் யாராயினும் லங்கர் என்னும் இலவசப் பொது உணவுக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் அமர்ந்து உண்ண வேண்டும். நம் கோயில்களிலும் அன்னதானம் நடக்கிறது. சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவவோ இலை எடுக்கவோ அரை மணி நேரம் கைகொடுங்கள். என்னோடு வரும் மாணவர்களிடம் நான் வைக்கும் ஒரே நிபந்தனை இதுதான். அவர்களில் இருவர் இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் அப்படிப் போய் வருகிறார்கள், இப்போது பரிமாறுகிறவர்களாக.

வயிறு நிறைந்திருந்தால் நடக்கலாம். என்னிடம் ஒரே ஒரு நடை கேட்டால், சனிக்கிழமை மாலை நான்கரை மணிக்குப் பாசார் செனி நிலையத்தில் இறங்கி ஜாலான் மஸ்ஜித் இந்தியா வரை போகும் நடையைத்தான் சொல்வேன். ரயிலுக்குமேல் இதற்கு எந்தச் செலவும் இல்லை. நிலையத்திலிருந்து சில நிமிடத்தில் ஜாலான் துன் எச். எஸ். லீயில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலின் ஐந்து நிலை இராஜகோபுரம் தெரியும், உயரம் 22.9 மீட்டர். 1873இல் தம்புசாமிப் பிள்ளை இந்தக் கோயிலைத் தோற்றுவித்தார். 1885இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. இன்று நாம் காணும் கட்டடம் 1968இல் எழுந்தது. கோபுரத்தை எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் பக்கத்துப் பூக்கடையின் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பூக்கட்டும் அக்காவின் இடது கை இரண்டு விரலுக்கு நடுவில் நார் நிற்கும். வலது கை நான்கு மல்லிகைக் காம்புகளை எதிரெதிராக வைக்கும். ஒரு சுற்று, ஒரு முடிச்சு, அடுத்த நான்கு பூ. பேசிக்கொண்டே, வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே அந்தக் கை ஓடும். அதே தெருவில் கிட்டத்தட்ட எதிரிலேயே குவான் டி கோயில் இருக்கிறது. அங்கே சுருள் சுருளாக ஊதுவத்தி மேலிருந்து தொங்கும். மல்லிகை வாசமும் அந்தப் புகையும் நடுத்தெருவில் ஒன்றாகக் கலப்பதை முகர்ந்தபடி நின்றிருக்கிறேன். இந்த ஊர் எப்படி உண்டானது என்பதை அந்த இடம் எந்தப் பாடநூலையும்விட நன்றாகச் சொல்கிறது.

அங்கிருந்து மத்தியச் சந்தை பக்கம். 1888இல் மீனும் இறைச்சியும் விற்ற சந்தையாகத் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 1937ஆம் ஆண்டுக்குரியது. உள்ளே குளிர்ச்சி; கைவினைக் கடைகளைப் பார்த்துக்கொண்டே வியர்வை காயலாம், வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதற்கு அண்மையில், லெபோ பூடுவில் கட்டடங்களுக்கிடையே ஒளிந்திருக்கும் சின் சே சி யா கோயில் 1864இல் சீனச் சமூகத் தலைவர் யாப் ஆ லோய் எழுப்பியது. பிறகு மேடான் பாசார். 1937ஆம் ஆண்டு மணிக்கூண்டு நடுவில் நிற்க, சுற்றிலும் பழைய கடைவீடுகள். இன்னும் சற்று நடந்தால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடம். 1857இல் ஈயம் தேடிப் படகில் வந்தவர்கள் கரையேறிய பகுதி இது. ‘சேற்றுக் கூடல்’ என்னும் பொருள்படும் ஊர்ப்பெயரும் இந்த நீரிலிருந்து வந்ததே. கூடலின் நடுவே 1909இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல், ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞரின் சிவப்பு வெள்ளைச் செங்கல் வரிகளோடு நிற்கிறது. மாலை ஆறரைக்கு மேல் ஆற்றோர நடைபாதையில் உட்கார்ந்தால் வெயில் இறங்குவதும் பாங்கு ஒலி எழுவதும் பக்கத்தில் எல்ஆர்டி வளைந்து போவதும் ஒரே நேரத்தில் நடக்கும். பாலத்தைக் கடந்தால் டத்தாரான் மெர்டேக்கா என்னும் சுதந்திரச் சதுக்கம்; 1897இல் முடிந்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் எதிரே உள்ள அந்தத் திடலில்தான் 1957 ஆகஸ்டு 31 பிறந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த நாளை, புல்லின்மேல் உட்கார்ந்து ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

சனிக்கிழமையைச் சொன்னதற்குக் காரணம், இந்த நடை முடியும் இடத்தில் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் அன்று பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை கூடுவதுதான். பக்கத்து ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் தமிழ் முஸ்லிம்களின் துணிக்கடைகளும் உணவகங்களும் நிறைந்திருக்க, இங்கே வறுத்த கோழி, அப்பம் பாலிக், கரும்புச் சாறு, பழைய பாட்டு என்று குடும்பம் குடும்பமாகக் கூட்டம் நகரும். உறையிலிருந்து 10 வெள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். முதலில் ஒரு முழுச் சுற்று எதையும் வாங்காமல் நடந்துவிட்டு, இரண்டாம் சுற்றில் மனம் எதில் நின்றதோ அதை வாங்குங்கள். பைக் கைப்பிடியை உடலுக்குக் குறுக்காகப் போட்டுக்கொண்டு, சாலையோரம் நடக்கும்போது பையைச் சுவர்ப் பக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. மோட்டார்சைக்கிளில் வந்து பறித்துப் போகும் வழக்கம் முழுமையாக ஒழிந்துவிடவில்லை.

பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைப் பார்ப்பதற்கு மேலே ஏற வேண்டியதில்லை என்பது என் கருத்து. 451.9 மீட்டர் உயரமுள்ள ஒன்றை அதன் உள்ளே நின்று பார்க்க முடியாது. வெளியே நின்றால்தான் தெரியும். மாலையில் கம்போங் பாரு எல்ஆர்டி நிலையத்தில் இறங்கி, மரவீடுகளுக்கிடையே நடந்து, 2020இல் திறக்கப்பட்ட சலோமா நடைபாலத்தை அடையுங்கள். 69 மீட்டர் நீளந்தான்; ஆனால் பாலத்தின் ஒரு முனையில் வாழையும் கோழியும் வாசலில் இருக்கும் வீடுகள், மறுமுனையில் கண்ணாடிக் கோபுரங்கள். பாலத்தைத் தாண்டி கேஎல்சிசி பூங்காவுக்கு நடக்கலாம். பிரேசில் நாட்டு ரொபர்ட்டோ புர்லே மார்க்ஸ் வடிவமைத்த 50 ஏக்கர் பூங்கா அது; இரவு எட்டு மணி முதல் அங்குள்ள ஏரியில் இசைக்கேற்ப நீரூற்று ஆடும், கட்டணம் இல்லை. அங்கிருந்து புக்கிட் பிந்தாங் வரை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும் குளிரூட்டப்பட்ட நடைமேம்பாலம் உண்டு. மழையானாலும் நனையாமல் போகலாம். இந்தக் கோபுரங்கள் தொலைவிலிருந்து நீரில் விழுந்து தெரியும் காட்சி வேண்டுமென்றால் தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்குப் போங்கள்.

வெயிலும் மழையும் இந்த ஊரில் திட்டமிட வேண்டிய செலவுகள். ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு வானம் இருண்டு கொட்டித் தீர்க்கும்; அப்போது பேரங்காடிக்குள் ஒதுங்கினால் பணம் போகும். அந்த நேரத்துக்கென்றே உள்ளரங்க இடங்களை வைத்துக்கொள்ளுங்கள். தேசிய அருங்காட்சியகம் 1963 ஆகஸ்டு 31இல் திறக்கப்பட்டது. மலேசியர்க்கு 2 வெள்ளி, எம்ஆர்டி நிலையமே அதன் பெயரில் வாசலுக்குக் கீழே இருக்கிறது. சாசானா கிஜாங்கில் உள்ள பேங்க் நெகாரா அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு மில்லியன் வெள்ளி நோட்டுகளைக் கண்ணாடிக்குள் அடுக்கிவைத்த பாதையில் நடந்துபோகலாம். 1958இல் தொடங்கப்பட்ட தேசியக் கலைக்கூடத்துக்கும், மலாய்த் தலைப்பாகையின் வடிவில் கூரை வேய்ந்த தேசிய நூலகத்துக்கும் ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் படிகளை அந்த நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. நம் நாட்டுத் தமிழ் நூல்களும் அதில் அடங்கும். நம் எழுத்தாளர்களின் நூலை வாங்கப் பணம் இல்லாத நாள்களில் அங்கே போய்க் கேளுங்கள். அருங்காட்சியகங்களில் சில திங்கட்கிழமை மூடியிருக்கும், கிளம்புவதற்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில்லாத காலை வேளைக்கு 1888இல் உருவான பெர்டானா தாவரவியல் பூங்காவும், தேசிய நினைவுச் சின்னத்தின் பக்கத்தில் 66 ஏக்கர் பரப்புள்ள தாமான் துகு காட்டுப் பாதைகளும் இருக்கின்றன, இரண்டும் இலவசம். புக்கிட் நானாஸ் காட்டுப் பூங்கா என் மாணவப் பருவத்தில் இலவசமாக இருந்தது. இப்போது கட்டணம் கேட்கிறார்கள். பழைய குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள்.

பத்துமலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, தைப்பூசத்துக்கு வந்திருப்பீர்கள். ஆனால் கூட்டமில்லாத ஒரு சாதாரண நாள் காலை ஏழு மணிக்கு வந்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டரில் போய்வர ஐந்தாறு வெள்ளிக்குள் அடங்கும். வண்டிகள் அடிக்கடி கிடையாது, நேரம் பார்த்துப் போங்கள். 42.7 மீட்டர் முருகன் சிலையின் காலடியில் அப்போது புறாக்களும், கூட்டிப் பெருக்குகிறவர்களும், உடற்பயிற்சிக்காக ஏறுகிற சீன முதியவர்களும்தான் இருப்பார்கள். 272 படிகளையும் ஏறி மேலே குகைக்குள் நின்றால், கூரைத் துளை வழியே சாய்ந்து விழும் வெளிச்சத்தில் தூசி மெல்ல மிதக்கும். மேலே உள்ள குகைக் கோயிலுக்குக் கட்டணம் இல்லை; கீழே உள்ள இராமாயணக் குகைக்கு உண்டு.

உறையில் இருக்கும் 55 வெள்ளியில் இவ்வளவுக்கும் முப்பதுக்குமேல் ஆகாது. மீதியை ஒரே ஒரு நல்ல பொருளுக்குச் செலவிடுங்கள். நான்காகப் பிரித்து வீணாக்க வேண்டாம். ஒரு மாதம் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். ஒரு மாதம் வார நாளில் மாணவர் விலையில் ஒரு திரைப்படம். ஒரு மாதம் பிரிக்பீல்ட்ஸில், 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தோற்றுவித்த டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் மண்டபத்தில் ஒரு நடன நிகழ்ச்சி. பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கின் கச்சேரிகளுக்கும் மாணவர் சலுகை இருக்கிறதா என்று விசாரியுங்கள். தோட்டத்தில் பிறந்த நான் முதன்முறையாக அங்கே உட்கார்ந்து வயலின் வகைக் கருவிகளின் அறுபதுக்கு மேற்பட்ட வில்கள் ஒன்றாக எழுந்ததைக் கண்டபோது அழுதுவிட்டேன். அந்த அரங்கம் யாரோ பணக்காரர்களுக்குக் கட்டியது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நண்பர்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. நண்பர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைப் பொறுத்தது. பார்த்தவரையில் ஒன்று சொல்லலாம்: ‘படிக்க வேண்டியிருக்கிறது’ என்று நான்கு முறை சொன்னால் ஐந்தாம் முறை கூப்பிட மாட்டார்கள்; நீங்கள் அவர்களை விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ‘இந்த மாதம் கை இறுக்கமாக இருக்கிறது, காப்பிக் கடைக்கு வரவில்லை, சனிக்கிழமை மஸ்ஜித் இந்தியா நடக்கிறேன், வருகிறீர்களா?’ என்று சொல்லிப் பாருங்கள். என் அலுவலகத்தில் வந்து அழுத மாணவர்களிடம் இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பல முறை கூட வந்தவர்களில் பாதிப் பேர், தாங்களும் கடன் வாங்கித்தான் காப்பிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்ததாக ஒப்புக்கொண்டார்கள். யாரும் வராமல் போகவும் கூடும். அப்படியானால் தனியே நடங்கள், முதல் முறை மட்டுமே கூச்சமாக இருக்கும். பகலில் கூட்டமுள்ள தெருக்களில் தனியாக நடப்பது பெண்களுக்கும் இயல்பானதே. இரவு ஒன்பதுக்குமேல் ஆற்றோரத்தையும் சந்துகளையும் தவிர்த்து, பெரிய சாலை வழியாக நிலையத்துக்குத் திரும்புங்கள்.

இனி அம்மா வரும் நாள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈடிஎஸ் ரயிலில் வந்தால் நேரே கேஎல் சென்ட்ரலில் இறங்கிவிடுவார். அங்கேயே காத்திருங்கள். அந்த மாதம் மட்டும் உறையை முழுவதும் அவருக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எங்கேயும் சுற்ற வேண்டாம். பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்துபோய், ஜாலான் துன் சம்பந்தன் பக்கத்தில் ஒரு வாழையிலைச் சாப்பாடு வாங்கிக்கொடுங்கள். சைவச் சாப்பாடாக எடுத்தால் இருவருக்கும் 30 வெள்ளிக்குள் முடியும் கடைகள் உண்டு. கறியும் மீனும் தனி விலை என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டபின் ஸ்கோட் சாலையில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயிலில் சற்று உட்காரலாம். நடை சாத்தியிருந்தால், 1904இல் தொடங்கப்பட்ட விவேகானந்த ஆசிரமத்தின் முன்னால் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் பத்துமலைப் படிகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம், பாசார் செனி ஒரே ஒரு நிலையந்தான். வெயில் தணிந்ததும் எல்ஆர்டியில் கேஎல்சிசி. பூங்காவில் ஏரிக்கு எதிர்ப்பக்க மேடையில் இடம் பிடித்து உட்காருங்கள், அங்கிருந்து கோபுரம் இரண்டும் முழுதாகத் தெரியும். புட்டியில் தேநீர் கொண்டுபோங்கள், வடை இரண்டு பிரிக்பீல்ட்ஸிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வாங்கினால் விலை கூடுதல். வீடு திரும்பும் வண்டி இரவில் என்றால் நீரூற்றின் முதல் காட்சியைப் பார்த்துவிட்டு உடனே எழுந்துவிடுங்கள், எட்டரைக்குமேல் எல்ஆர்டி நிலையத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். அவர் உங்கள் கையில் ஐம்பது வெள்ளியைத் திணிக்கப் பார்ப்பார். வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் ரயிலில் போகும்போது முழுவழியும் அதையே நினைத்துக்கொண்டு போவார்.